உபயம்: இசபெல்லா ஹோனன்

எங்கள் குடும்பத்தில் ஒரு பிரிஜித் அத்தை இருந்தார். அப்பாவின் மூத்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர். சென்னையில் படித்தபோது தனக்குப் பாடம் சொல்லித்தந்த "அயர்லாந்து சிஸ்டர்" பற்றி ஓயாமல் பேசுவார். அயர்லாந்தின் கார்க் நகரில் 1775இல் நானோ நேகிள் என்ற பெண் தொடங்கிய பிரசென்டேஷன் சபையின் சகோதரிகள் 1842இல் மதராசுக்கு வந்தவர்கள். அந்த சிஸ்டர் கொடுத்த புனித பிரிஜித் படம் ஒன்று அத்தையின் செபப் புத்தகத்துக்குள் கடைசிவரை இருந்தது.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஊர்க்கோயிலுக்கு ஒரு கலர் கண்ணாடி ஜன்னல் கொடுத்தார் அத்தை. பிரிஜித்தம்மாளைப் போடச் சொன்னார். "அந்தப் புனிதையை இங்கே யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அந்தோணியாரைப் போட்டார்கள். கீழே என் தாத்தாவின் பெயரும் "குடும்பத்தார் உபயம்" என்ற வரியும் வந்தன. அத்தை சண்டை போடவில்லை. ஆனால் அந்த ஜன்னல் இருந்த பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

டியூப் லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவதைக் கேலி செய்து சிரித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கேலியில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பெயர்களில் பெண்கள் எத்தனை பேர்? பணம் யாருடையது, பெயர் யாருடையது?

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக அயர்லாந்து போனபோது கார்க் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள ஹோனன் சிற்றாலயத்துக்குப் போனேன். வெளியிலிருந்து பார்த்தால் பழைய கல்கோயில் போல இருக்கும், உண்மையில் 1916இல் முடிந்த கட்டடம். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரியக் கோயில்களின் சாயலில் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். உள்ளே போனதும் கால் நின்றுவிடுகிறது. தரையில் மீன்களும் விலங்குகளும் நீந்தும் மொசைக், சுற்றிலும் பத்தொன்பது வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். ஒரு சிலவற்றைத் தவிர எல்லாம் அயர்லாந்துப் புனிதர்கள். பாட்ரிக், கொலும்பா, பிரெண்டன், டெக்லன், ஃபின்பார். அவர்களோடு மூன்று பெண்கள்: பிரிஜித், ஈத்தா, கோப்னட்.

நான் வழக்கம்போல ஜன்னல்களின் அடிப்பகுதியைத் தேடிப் போனேன். அத்தை கொடுத்த பழக்கம் அது.

இந்தக் கட்டடத்துக்குப் பணம் வந்தது ஒரு பெண்ணிடமிருந்து. இசபெல்லா ஹோனன், கார்க்கின் வசதியான கத்தோலிக்க வணிகக் குடும்பத்தில் எஞ்சியிருந்த கடைசி ஆள். 1913இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற 40,000 பவுண்டு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த சர் ஜான் ஓ'கானல் என்ற வழக்கறிஞர் வழியாகச் செலவானது. இப்படியொரு ஆலயத்தை மனதில் கண்டு, கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இந்தப் புனிதர்கள்தான் என்று தீர்மானித்து நடத்தியவர் ஓ'கானல். அதைப் பற்றி 1916இலேயே எழுதி வெளியிட்டவரும் அவரே. ரசனையுள்ள மனிதர், சந்தேகமில்லை. அவர் இல்லாவிட்டால் இந்த ஜன்னல்கள் இல்லை.

ஆனால் அந்தப் பணம் என்னவாயிற்று என்று பாருங்கள். ஹோனன் பெயரில் ஒரு மாணவர் விடுதி அமைந்தது. கத்தோலிக்க ஆண் மாணவர்களுக்கான விடுதி. அதற்கான வழிபாட்டிடம்தான் இந்தச் சிற்றாலயம். கார்க் கல்லூரி 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மதச்சார்பற்றதாகத் தொடங்கப்பட்டது. 1908இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பகுதியான பிறகும் அரசுப் பணத்தில் அங்கே கோயில் கட்ட முடியாது. தனியார் பணம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வந்து சேர்ந்தது இசபெல்லாவின் பணம். ஆக, ஒரு பெண் விட்டுச்சென்ற செல்வத்தில் இளைஞர்கள் தங்கிப் படித்தார்கள், பூசை கண்டார்கள். அந்தப் பூசையை நிறைவேற்றியவர்களும் ஆண்கள். பெண்கள் கண்ணாடியில் இருந்தார்கள்.

ஹோனன் என்பது குடும்பப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது இசபெல்லா என்றொருத்தி யார் மனதிலும் வருவதில்லை. அவளுக்கு எந்தப் புனிதரைப் பிடிக்கும் என்று யாரும் கேட்டுவைத்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிகளுக்கு வருகிறேன். அன்றைய அயர்லாந்தில் வண்ணக் கண்ணாடி என்றால் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்தோ இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்தோ வரும். பஞ்சத்துக்குப் பிறகான பத்தாண்டுகளில் கத்தோலிக்கக் கோயில்கள் ஊர் ஊராக எழுந்தன. ஏழைகளின் காசில் எழுந்த அந்தச் சுவர்களுக்குள், தொழிற்சாலைப் பட்டியலிலிருந்து வரவழைத்த அழகான, ஒரே மாதிரியான மாதாக்களும் யோசேப்புகளும் வந்து நின்றார்கள். காலனி நாட்டுக்காரர்களான நமக்கு இது புரியும். சாமிகூட இறக்குமதி. இதை மாற்ற வேண்டும் என்று எட்வர்ட் மார்ட்டின் என்ற நிலக்கிழாரும் நாடகாசிரியருமான கத்தோலிக்கர் போராடினார். ஆனால் பட்டறையைத் தொடங்கித் தன் பணத்தைப் போட்டு, அதைப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டியவர் சாரா பர்சர்.

சாரா பர்சர் 1848இல் பிறந்தவர், புராட்டஸ்டண்ட். அப்பாவின் மாவு ஆலைத் தொழில் 1873இல் நொடித்துப்போனது. இருபத்தைந்து வயதுப் பெண் இனி தன் சோற்றுக்குத் தானே சம்பாதிக்க வேண்டும். அன்றைக்கு அந்த வர்க்கப் பெண்ணுக்கு இருந்த வழிகள் கல்யாணம் அல்லது பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லுவது. அவர் பாரிசுக்குப் போய் ஓவியம் படித்தார். திரும்பி வந்து பிரபுக்களின் உருவப்படங்களை வரைந்து சம்பாதித்தார், சம்பாதித்ததைக் கெட்டிக்காரத்தனமாக முதலீடு செய்தார். 1903 ஜனவரியில், ஐம்பத்து நாலாவது வயதில், டப்ளினில் 'அன் டூர் கிளினா' என்ற பட்டறையைத் திறந்தார். ஐரிய மொழியில் அதற்குக் 'கண்ணாடிக் கோபுரம்' என்று பொருள். அயர்லாந்தின் அரச ஓவியக் கழகம் அவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1924இல். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர். அப்போது வயது எழுபத்தாறு. முதல் பெண் என்ற பட்டத்தை நாம் கொண்டாடும்போது அந்த வயதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக் கோபுரத்தின் விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஜன்னல், ஒரு கலைஞர். பெரிய நிறுவனங்களில் ஒருவர் வரைவார், இன்னொருவர் கண்ணாடி வெட்டுவார், வேறொருவர் முகம் தீட்டுவார், மற்றொருவர் துணிமடிப்பு மட்டும் தீட்டுவார். கடைசியில் கம்பெனி பெயர் நிற்கும். இங்கே முழு அளவுக் கோட்டோவியத்தைப் போடுகிறவரே நிறக் கண்ணாடிகளைத் தேர்ந்தெடுத்து, கருப்பு மையால் முகமும் மடிப்பும் தீட்டி, சூளையில் சுட்டு, மறுபடி தீட்டி, மறுபடி சுட்டு முடிக்க வேண்டும். துண்டுகளை ஈயப்பட்டைகளால் கோத்துப் பற்றவைக்கும் வேலையைப் பெரும்பாலும் பட்டறைத் தொழிலாளிகள் செய்தார்கள். அதனால் 'ஒரே கை' என்பது கொஞ்சம் மிகைதான். அவர்கள் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. என்றாலும் ஒரு பெண் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றைச் செய்ய அந்த விதி இடம்கொடுத்தது. கேத்தரின் ஓ'பிரையன், எதெல் ரிண்ட், பியாட்ரிஸ் எல்வெரி, வில்ஹெல்மினா கெடெஸ், பிற்பாடு ஈவி ஹோன் என்று வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். மைக்கேல் ஹீலி போன்ற ஆண்களும் அங்கே இருந்தார்கள். தொழில் கற்றுக்கொடுத்தவர் ஏ. இ. சைல்ட் என்ற ஆங்கிலேயர்.

இது மெல்லிய வேலை அல்ல. பெண்ணுக்குப் பொருந்தும் கைவேலை என்று பூத்தையலையும் வண்ணக் கண்ணாடியையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். பூத்தையலும் மெல்லிய வேலை அல்ல என்பது வேறு கதை. இங்கே ஈயம், அமிலம், சூளைச் சூடு. ஆளைவிட உயரமான கண்ணாடியை ஏணியில் ஏறி நின்று பார்க்க வேண்டும். கெடெஸின் உடல் அடிக்கடி படுத்தது. லண்டனில் வறுமையில் வாழ்ந்துகொண்டே பெல்ஜியத்தின் ஈப்ர நகரப் பேராலயத்துக்கு மாபெரும் ஜன்னலை 1938இல் முடித்தார். ஈவி ஹோன் சிறுமியாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் தாக்கியவர். அந்த உடம்போடு இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளித் தேவாலயத்துக்கு மிகப் பெரிய கிழக்கு ஜன்னலைச் செய்தார். இருவரும் ஒரே வருடம், 1955இல் இறந்தார்கள்.

ஹோனன் சிற்றாலயத்தின் பத்தொன்பது ஜன்னல்களில் எட்டு, கண்ணாடிக் கோபுரத்தில் செய்தவை. மற்ற பதினொன்று ஹாரி கிளார்க் என்ற இளைஞருடையவை. அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார். பதினொன்றும் அசாத்தியமானவை, இதில் நான் பெண்ணியக் கணக்குப் பார்க்கப் போவதில்லை. அவருடைய கோப்னட் முன்னால் நான் அரைமணி நேரம் நின்றேன்.

கோப்னட் தேனீக்களின் காவல் புனிதை. ஒன்பது வெள்ளை மான்களைப் பார்க்கும் இடத்தில்தான் உனக்கு ஊர் என்று வானதூதர் சொல்ல, தேடி அலைந்து கார்க் மாவட்டத்து பாலிவர்னியில் அவற்றைக் கண்டு மடம் அமைத்தாள் என்பது கதை. மாடு திருட வந்தவர்கள்மேல் தேனீக்களை ஏவி விரட்டியவள். கிளார்க்கின் ஜன்னலில் அடர்நீல உடையோடு பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள், உடை முழுக்கத் தேனடையின் அறுகோணங்கள். முகத்தில் சாந்தம் இல்லை. கூர்மை இருக்கிறது. கீழே திருடர்கள் தேனீக்களுக்குப் பயந்து முகத்தை மூடுகிறார்கள். கும்பிட்டுக் கேட்கிற பெண்ணாக அவளை வரையவில்லை, படை வைத்திருக்கும் பெண்ணாக வரைந்திருக்கிறார்.

ஈத்தா பள்ளி நடத்தியவள். அயர்லாந்துப் புனிதர்களின் வளர்ப்புத்தாய் என்று பெயர். கடலோடிப் புனிதரான பிரெண்டனே அவளிடம் வளர்ந்தவர் என்பார்கள்.

பிரிஜித்தின் கதையை அத்தை எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார், ஆனால் பாதியை விட்டுவிட்டார். அல்லது அவருக்குச் சொன்ன சிஸ்டர் விட்டிருக்கலாம். பிரிஜித்தின் அம்மா அடிமைப்பெண், அப்பா அவளது எசமான். வீட்டுப் பொருளையெல்லாம் ஏழைகளுக்குத் தூக்கிக் கொடுக்கிறாள் என்று மகளை மன்னனிடம் விற்க அப்பா கூட்டிப்போகிறார். அவர் உள்ளே பேரம் பேசிக்கொண்டிருக்க, வெளியே தேரில் இருந்தவள் அப்பாவின் வாளைத் தொழுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறாள். விற்கப்படவிருந்த சரக்கு, விற்கிறவரின் சொத்தைத் தானம் செய்துவிட்டது! இன்னொரு கதையில், அவளுக்குத் துறவு முக்காடு கொடுக்க வந்த ஆயர் மெல், மயங்கிப்போய் ஆயர் திருநிலைப்பாட்டுச் செபத்தையே வாசித்துவிடுகிறார். ஆண்களுக்கு மட்டும் உரிய பட்டம் பெண்ணுக்குப் போய்விட்டதே என்று கேட்டவருக்கு, என் கையில் இல்லை, கடவுள் கொடுத்தது என்றாராம். இது பெண்ணியவாதிகள் இப்போது கட்டிய கதை அல்ல, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய ஏட்டில் இருப்பது. கில்டேரில் அவள் நிறுவிய மடத்தில் துறவிப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து இருந்ததாக ஏழாம் நூற்றாண்டின் கொகிதோசுஸ் எழுதுகிறார். 2023 முதல் அயர்லாந்தில் அவள் பெயரில் அரசு விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அந்த நாட்டில் வந்த முதல் விடுமுறை.

இவ்வளவு பெரிய பெண்களைக் கண்ணாடியில் ஏற்றிய அதே திருச்சபை, கண்ணாடிக்குக் கீழே நடமாடிய பெண்களை என்ன செய்தது? அதே கார்க் நகரின் சண்டேஸ் வெல் பகுதியில் மகதலா சலவைக்கூடம் ஒன்று இயங்கியது. கல்யாணமாகாமல் கர்ப்பமானவர்கள், ஏழைகள், அனாதைகள், 'வழி தவறிவிடுவாள்' என்று யாரோ சந்தேகப்பட்டவர்கள் அங்கே கூலியில்லாமல் துணி வெளுத்தார்கள். அயர்லாந்தில் 1922 முதல் கடைசிக் கூடம் மூடப்பட்ட 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் இப்படிப்பட்ட கூடங்களில் அடைபட்டதாக அரசு நியமித்த குழு 2013இல் கணக்குச் சொன்னது. அதன் பிறகே அரசு மன்னிப்புக் கேட்டது. அந்தக் கூடங்களை நடத்தியவர்களும் கன்னியாஸ்திரிகள் என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை. என் அத்தைக்கு எழுத்தறிவித்த சபை வேறு, இந்தக் கூடங்களை நடத்திய சபைகள் வேறு. ஆனாலும் ஒரே நாட்டில், ஒரே உடுப்பின் நிழலில் இரண்டும் நடந்தன. கோப்னட்டின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரத்தில் எனக்கு இது நினைவில் இல்லை. வெளியே வந்து ஆற்றோரம் நடக்கும்போதுதான் வந்தது.

எட்டு ஜன்னல்களைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஏ. இ. சைல்ட் செய்தவையோடு எதெல் ரிண்ட், கேத்தரின் ஓ'பிரையன் இருவரின் வேலையும் அங்கே இருக்கிறது. ஒளி அமைதியானது, நிறங்கள் கிளார்க்குடையவை போலக் கண்ணைப் பறிப்பதில்லை. முதல்முறை நான் அவற்றைத் தாண்டித்தான் போயிருந்தேன். இந்த ஆலயம் பற்றிய பேச்சிலும் அப்படித்தான், கிளார்க் முன்னால் வருவார், மற்றவர்கள் 'பிற ஜன்னல்கள்' ஆவார்கள். கிளார்க்கின் கதையிலும் அப்படி ஒருத்தி உண்டு. அவர் 1931இல் காசநோயால் இறந்தபின் கிளார்க் பட்டறையின் பொறுப்பை ஏற்றவர் அவர் மனைவி மார்கரெட். தன்னளவில் தேர்ந்த ஓவியர். பட்டறை மட்டும் ஹாரி கிளார்க் பெயரிலேயே நீடித்தது.

கேத்தரின் ஓ'பிரையன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கால்வே மாவட்டத்து லாக்ரே பேராலயத்தில் உள்ள ஈத்தா ஜன்னல் அவருடைய தொடக்ககால வேலைகளில் ஒன்று. அந்தப் பேராலயம்தான் கண்ணாடிக் கோபுரத்துக்கு முதல் பெரிய வாய்ப்பைத் தந்தது. பின்னாளில் ஈவி ஹோன் செய்த பிரிஜித்தும் அங்கே இருக்கிறாள். அதே பேராலயத்துக்கு ஐரியப் புனிதர்களின் பதாகைகளை டப்ளினின் டன் எமர் பட்டறைப் பெண்கள், கவிஞர் யேட்சின் தங்கை லில்லியின் மேற்பார்வையில், பூத்தையலால் செய்துகொடுத்தார்கள். சாரா பர்சர் 1943இல் காலமானார். அடுத்த ஆண்டு பட்டறையை ஏற்று நடத்தியவர் ஓ'பிரையன். 1963இல் இறக்கும்வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அவர் கண்ணாடியை விட்டுப் போகவில்லை. அறுபது ஆண்டுகள் ஒரே தொழிலில் இருந்த ஓர் ஆணை 'மேதை' என்போம். பெண் என்றால் 'உழைப்பாளி'.

ஊருக்குத் திரும்பியதும் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். கார்க்கில் வாங்கிய வாழ்த்தட்டைகளில் பிரிஜித் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இசபெல்லா கதையைச் சொன்னேன். "ஆம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டலுக்கா போச்சு அந்தக் காசு?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதை வரைஞ்சது யாரும்மா?"

"ஹாரி கிளார்க்குன்னு ஒருத்தர், அத்தை."

"பொம்பளைங்க யாரும் வரையலையா?"

அப்புறம்தான் சாரா பர்சரையும் கேத்தரின் ஓ'பிரையனையும் பற்றிச் சொன்னேன். ஈத்தா ஜன்னலைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்தியாரம்மா புனிதை அல்லவா.

"அந்தப் படம் எங்கே, அதைக் காட்டு" என்றார்.

நான் கொண்டுவந்திருக்கவில்லை. வாங்கிய ஆறு அட்டைகளும் கிளார்க்குடையவை.